0.786இலை விலை திரும்புமோ? கார்ட்லி பட்டர்னும் கொழும்புச் சந்தையும்

வடமராட்சியான்
நாலு வருசமாக் கொழும்புப் பங்குச் சந்தையிலை ஸ்விங் ட்ரேட் செய்யிறன். வாங்கினால் இரண்டு மூண்டு கிழமை, சிலவேளை ஒண்டரை மாசம் வைச்சிருப்பன். எந்த விலைக்கு வாங்கிறது எண்டதைக் கார்ட்லி பட்டர்ன், அதாவது விலைச் சார்ட்டிலை வாற ஒரு ஏற்ற இறக்க வடிவம், வைச்சுத்தான் முடிவெடுக்கிறனான். தெரியாத ஆக்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுறன். ஒரு பங்கு 100 ரூபாயிலை (எக்ஸ்) இருந்து 140க்கு (ஏ) ஏறுது. பேந்து 115.30 மட்டும் இறங்குது. ஏறின 40 ரூபாயிலை 0.618 பங்கு திரும்பியிருக்கு, அது பி. அங்கையிருந்து கொஞ்சம் ஏறி சி. அடுத்த இறக்கம் அதே 40 ரூபாயிலை 0.786 அளவிலை, 108.50 கிட்ட நிண்டு திரும்ப வேணும். அதுதான் டி. அங்கை வாங்கி, 100க்குக் கொஞ்சம் கீழை ஸ்டொப் லொஸ் (விலை அதுக்கு இறங்கினால் நட்டத்தோடை வித்துப்போடுற விலை) வைப்பன். போன கிழமை எனக்கொருத்தர் "உது சாத்திரம் பாக்கிறமாதிரி" எண்டு எழுதினவர். அது பிழையான கதை. இஞ்சை எல்லாருக்கும் முன்னாலை கதைப்பம்.

கணக்கு வாத்தி
தம்பி, எழுதினது நான்தான். இப்பவும் அதைத்தான் சொல்லுறன்.

கார்ட்லி 1935இலை எழுதின புத்தகத்தின்ரை 222ஆம் பக்கத்திலை அந்த வடிவம் கிடக்கு. ஆனா அதிலை பிபொனாச்சி விகிதம் ஒண்டும் இல்லை. அடியிலை இருந்து வாற முதல் ஏற்றத்துக்குப் பிறகு ஒரு இறக்கம் வரும், அது பழைய அடியை உடைக்காமல் நிண்டால் வாங்கலாம் எண்டதுதான் மனிசன் சொன்னதின்ரை சாரம். எண்களை லாரி பெசவென்டோ, ஸ்கொட் கார்னி போன்ற சார்ட் எழுத்தாளர்கள் பல பத்தாண்டு கழிச்சுத்தான் சேர்த்தவை.

இரண்டாவது, 0.618 பிபொனாச்சித் தொடரிலை (1, 2, 3, 5, 8 எண்டு, முந்தின இரண்டையும் கூட்டினால் அடுத்தது) இருந்து நேரை வருது. 0.786 அதின்ரை வர்க்கமூலம். வௌவால் எண்டு நீங்கள் சொல்லுற பட்டர்னுக்கு 0.886, அது வர்க்கமூலத்தின்ரை வர்க்கமூலம். இப்பிடி மூலம் எடுத்துக்கொண்டே போனால் எந்த விலைக்குத்தான் ஒரு எண் கிடைக்காது?

அந்தத் தொடரிலை எனக்கு மரியாதை இருக்கு. 1202இலை பிபொனாச்சி முயல் கணக்காக எழுத முதலே, ஹேமசந்திரர் போன்ற இந்திய யாப்பு அறிஞர்கள் அதைக் கண்டவை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. நாலு மாத்திரையைக் குறிலும் நெடிலுமா எத்தனை விதமா நிரப்பலாம்? ஐஞ்சு விதம். ஐஞ்சு மாத்திரைக்கு எட்டு. தமிழ்ப் பிள்ளையளுக்கு இதைவிட வடிவா அந்தத் தொடரை விளங்கப்படுத்த ஏலாது. ஆனா அதுக்கும் ஒரு வங்கிப் பங்கின்ரை விலைக்கும் என்ன தொடர்பு? பருத்தித்துறைக் கடலிலை சோளகம் மாறி வாடை வாறதுக்குக் காரணம் இருக்கு. 0.786இலை விலை மாறுறதுக்கு என்ன காரணம்?

வடமராட்சியான்
காரணம் இருக்கு சேர். எண்ணை விட்டிட்டு ஆக்களைப் பாருங்கோ. பியிலை வாங்கினவை 115க்குக் கீழை ஸ்டொப் லொஸ் வைச்சிருப்பினம். விலை அதை உடைக்கேக்கை அவை எல்லாரும் வித்துப்போட்டுப் போவினம். பயந்தவை வித்து முடிஞ்ச பிறகு விக்க ஆக்கள் குறைவு. 100 இன்னும் உடையேல்லை, அதாலை பெரிய கைகள் மலிவா வாங்கத் தொடங்குவினம். டி அந்த இடம்தான். அது 0.786ஆ 0.77ஆ எண்டு நான் சண்டை பிடிக்க மாட்டன். அதனாலைதான் அதை ஒரு புள்ளி எண்டு சொல்லாமல் திரும்பு வலயம் எண்டு சொல்லுறது.

கணக்கு வாத்தி
இது நல்ல விளக்கம், ஒத்துக்கொள்ளுறன். ஆனா வலயம் எண்டு சொன்ன உடனை என்ரை சந்தேகம் கூடுது. உங்கட உதாரணத்தையே எடுங்கோ. இதே மாதிரி வேறை பட்டர்னுகளும் இருக்கு, டி வாற இடம் மாறும். கார்ட்லி 108.50, வௌவால் 104.50, வண்ணத்துப்பூச்சி 1.27இலை 89.20, நண்டு 1.618இலை 75.30. ஒவ்வொண்டுக்கும் இரண்டு ரூபா அங்காலை இஞ்சாலை விட்டால், விலை எங்கை திரும்பினாலும் கிட்டடியிலை ஒரு பேர் இருக்கும். திரும்பின பிறகு பேர் வைக்கிறதைத்தான் நான் சாத்திரம் எண்டு சொன்னனான்.

வடமராட்சியான்
இல்லை சேர், பேரை முதலே பி முடிவாக்கிப்போடும். பி 0.618இலை நிண்டால் கார்ட்லி, 0.382க்கும் 0.50க்கும் இடையிலை நிண்டால் வௌவால், 0.786 எண்டால் வண்ணத்துப்பூச்சி. டி வர முதலே தெரியும்.

கணக்கு வாத்தி
நண்டை ஏன் விட்டனீங்கள்? கார்னியின்ரை விதிப்படி நண்டின்ரை பி 0.382இலை இருந்து 0.618 மட்டும் எங்கையும் நிக்கலாம். அப்ப உங்கட பி 115.30இலை இருக்கேக்கை டி 108.50ஆகவும் இருக்கலாம், 75.30ஆகவும் இருக்கலாம். பங்கின்ரை பெறுமதியிலை மூண்டிலை ஒண்டு கிட்ட இடையிலை போகுது.

கோண்டாவிலான்
இதை வாசிக்கேக்கை வயிறு எரியுது. ஒரு வகுப்புக்குக் காசு கட்டிப் போனனான். காட்டின ஐம்பது, அறுபது சார்ட்டும் முடிஞ்ச சார்ட். எல்லாத்திலையும் டி வடிவாத் திரும்பி நிண்டது. ஓடிக்கொண்டிருக்கிற சார்ட் ஒண்டைப் போட்டு "இதிலை நாளைக்கு எங்கை வாங்குவீங்கள்" எண்டு கேட்டதுக்கு அடுத்த வகுப்பிலை சொல்லுறன் எண்டினம். மனிசியின்ரை நகையை அடகு வைச்சுத்தான் பங்கு வாங்கினனான். இன்னும் மீக்கேல்லை.

செவ்வந்தி
கோண்டாவில் அண்ணை, கேக்கவே கவலையா இருக்கு. அடகுக் காசுக்கு மாசாமாசம் வட்டி ஓடும். டி வரும்மட்டும் அது காத்திராது.

நான் கணக்கியல் பக்கத்திலை வேலை செய்யிறன். இரண்டு பேரும் தொடாத விசயங்களைச் சொல்லுறன்.

முதலாவது, சார்ட் சரிதானோ? 2024இலை ஜோன் கீல்ஸ் கம்பெனி ஒரு பங்கைப் பத்தாப் பிரிச்சது. பழைய விலையளை அதுக்கேற்பத் திருத்தாத சார்ட்டிலை அது பத்திலை ஒண்டா விழுந்தமாதிரித் தெரியும். அது கண்ணுக்குத் தெரியும், ஆரும் ஏமாற மாட்டினம். ஆனா எங்கட வங்கிகள் காசுக்குப் பதிலாப் பங்காவே இலாபப் பங்கு குடுக்கேக்கை விலை கொஞ்சமாத்தான் கீழை சரியும். அது திருத்தாமல் கிடந்தால் எக்ஸ், ஏ எல்லாம் பிழை. பிழையான எக்ஸிலை 0.786ஐ மூண்டு தசமத்துக்குக் கணக்குப் பாத்து என்ன பிரயோசனம்?

இரண்டாவது, தரகு, கட்டணச் செலவு. சாதாரண ஆக்களுக்கு வாங்க 1.12 சதவீதம், விக்க 1.12 சதவீதம். 108.50க்கு வாங்கி, ஏ–டி தூரத்திலை 0.382 ஏறின 120.50இலை வித்தால் 12 ரூபா இலாபம் எண்டு படத்திலை தெரியும். கையிலை வாறது 9.40. ஸ்டொப் 99.50 எண்டால் நட்டம் 9 இல்லை, 11.30. அப்ப நட்டம் இலாபம் இல்லாமல் நிக்கவே நூறிலை 55 தரம் சரிவர வேணும்.

கணக்கு வாத்தி
பிள்ளை, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தனான். பட்டர்னே இல்லாமல், விலை நாணயம் சுண்டினமாதிரி நடக்குது எண்டு வையுங்கோ. 9 கீழை போக முதல் 12 மேலை போற வாய்ப்பு 21இலை 9, அதாவது நூறிலை 43. அப்ப பட்டர்ன் 43ஐ 55க்கு மேலை கொண்டுபோக வேணும். இப்ப கேள்வி தெளிவாக் கிடக்கு.

வடமராட்சியான்
அக்கா சொன்ன செலவுக் கணக்கு சரி. ஆனா நான் முழுக்க 120.50இலை விக்கிறேல்லை. பாதியை அங்கை வித்து, மிச்சத்தை 0.618இலை, 128 கிட்ட விக்கிறனான். இரண்டும் கிடைச்சால் சராசரி இலாபம் செலவு போக 13.10. அப்ப 46 தரம் போதும்.

கணக்கு வாத்தி
இரண்டாவது பாதி ஒவ்வொரு தரமும் 128க்குப் போகும் எண்டு எடுத்துத்தான் அந்த 46 வருது. இடையிலை திரும்பி விழுறதையும் எண்ணுங்கோ. ஸ்டொப் 99.50இலையே விலைப்படும் எண்டும் எடுத்திருக்கிறியள். 2022 ஏப்ரலிலை சந்தையை ஐஞ்சு நாள் பூட்டி வைச்சவை. திறந்த அண்டைக்கும் எஸ் அண்ட் பி எஸ்எல்20 (இருபது பெரிய பங்குகளின்ரை சுட்டெண்) சரிஞ்சு வர்த்தகத்தை நிப்பாட்டினவை. அண்டைக்கு ஸ்டொப் விலையிலை ஆர் வாங்க நிண்டது?

வடமராட்சியான்
அந்த மாதம் நானும் அடிபட்டனான் சேர், மறைக்கேல்லை. அப்பிடியான நேரம் எந்த முறையும் காப்பாத்தாது. அதுக்காக மிச்ச நாளிலை பட்டர்ன் பிழை எண்டு ஆகாது.

சரி, பி முடிஞ்ச உடனை, டி வர முதல், வாங்கிற விலை, ஸ்டொப், விக்கிற விலை மூண்டையும் இஞ்சை எழுதுறன். இருபது வரும்மட்டும் ஒண்டையும் அழிக்க மாட்டன்.

கணக்கு வாத்தி
நல்லது. அதே நாளிலை, அதே விலை வீச்சிலை, சீட்டுக் குலுக்கி எடுத்த வேறை பங்கு ஒண்டை நானும் எழுதுறன். ஸ்டொப்பும் இலக்கும் சதவீதத்திலை உங்கடையேதான். இருபதுக்குப் பிறகு இரண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாப்பம்.

செவ்வந்தி
செலவை நான் கழிச்சுப் பதியிறன். நாளுக்குச் சில ஆயிரம் பங்கு மட்டும் கைமாறுறதை இரண்டு பேரும் எடுக்கக்கூடாது. உதிலை ஒரு ஆள் வாங்கினாலே விலை ஏறும்.

வடமராட்சியான்
ஓம் அக்கா. முதலாவது, ஒரு வங்கிப் பங்கு. திருத்தின சார்ட். எக்ஸ் 62.00, ஏ 81.00, பி 69.30. வாங்கிறது 66.10. ஸ்டொப் 61.50. பாதி 71.80, மிச்சம் 75.30.

கணக்கு வாத்தி
நண்டு எண்டால் 50.30. அதையும் பக்கத்திலை எழுதுங்கோ.

வடமராட்சியான்
எழுதியாச்சு. 61.50 உடைஞ்சால் நண்டு எண்டு பேர் மாத்த மாட்டன், நட்டம் எண்டு எழுதுவன்.