நம் ஊர்ப் பள்ளிக்குச் சங்கம் ஆசிரியர் அமர்த்தலாமா?

வெளிநாட்டில் வாழும் நம் ஊர்ச் சங்க உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆங்கில வகுப்பு மாதக்கணக்கில் நடக்கவில்லை என்பதால், சங்கமே மாதச் சம்பளம் கொடுத்து ஓர் ஆசிரியரை அமர்த்தலாம் என்று தம்பி ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அக்கறையோடு சொல்லப்பட்ட யோசனைதான். ஆனாலும் அதை நாம் ஏற்கக் கூடாது என்று கருதுகிறேன். ஊரில் விசாரித்த வரையில், அந்தப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலியாக இல்லை. அதில் இருப்பவர் மாற்றுப்பணியில் வேறொரு பள்ளிக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். சம்பளம் நம் பள்ளிக் கணக்கில் எழுதப்படுகிறது, பாடம் வேறிடத்தில் நடக்கிறது. பதிவேட்டில் ஆள் இருப்பதால் மாறுதல் கலந்தாய்வின் காலிப்பணியிடப் பட்டியலில் நம் பள்ளியின் பெயர் வராது. நாம் ஒருவரை அமர்த்திவிட்டால் குறை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். நிரந்தர ஆசிரியர் திரும்பி வருவதற்கான காரணமும் அதோடு போய்விடும்.

இந்தப் பள்ளியை யார் நடத்துகிறார்கள் என்பதில் நம்மில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று எழுதியிருந்தாலும், ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இலேயே அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். அவர்களது நியமனம், மாறுதல், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் தொடக்கக் கல்வித் துறையிடம் இருக்கின்றன: முதலில் வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர், மாவட்டம் முழுவதற்கும் முதன்மைக் கல்வி அலுவலர், சென்னையில் இயக்குநர். கட்டடமோ இன்றும் ஒன்றியத்தின் பொறுப்பு. கூரை ஒழுகினால் வட்டார வளர்ச்சி அலுவலரைத்தான் பார்க்க வேண்டும். முன்பு நாம் கொடுத்த மனுக்களில் சில பதிலின்றிப் போனதற்கு, ஆசிரியர் பற்றாக்குறையையும் சுற்றுச்சுவரையும் ஒரே தாளில் எழுதி ஒரே அலுவலகத்தில் கொடுத்ததும் ஒரு காரணம்.

மேற்பார்வை தளர்ந்ததற்குத் துறையின் அமைப்பில் நடந்த மாற்றங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 2018இல் அதிகாரங்கள் முதன்மைக் கல்வி அலுவலரிடம் குவிக்கப்பட்டு, தொடக்கப் பள்ளியையும் மேல்நிலைப் பள்ளியையும் ஒரே மாவட்டக் கல்வி அலுவலர் பார்க்கும்படி ஆனது. 2022இல் அது மாற்றப்பட்டு, தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனியார் பள்ளிகளுக்கும் தனித்தனி அலுவலர்கள் வந்தார்கள். பிரித்தது சரியான முடிவு. ஆனால் அலுவலரைப் பிரிப்பதால் மட்டும் அவர் வகுப்பறைக்குள் வந்துவிட மாட்டார்.

என் தாயார் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஆண்டாய்வுக்கு முந்தைய இரவு அவர் பாடக்குறிப்பேட்டையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் வந்த அலுவலர் பின்வரிசைப் பிள்ளைகளை எழுப்பிப் படிக்கச் சொன்னாராம். அந்தப் பழைய ஆய்வில் பயமுறுத்தலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் பிள்ளைக்குப் படிக்க வருகிறதா என்பதை ஒருவர் நேரில் கேட்டறிந்தார். இப்போது எமிஸ் என்னும் கல்வித் துறையின் இணையத் தளத்தில் மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, நலத்திட்டப் பொருள் வழங்கல் என்று எல்லாம் ஏற்றப்படுகின்றன; சென்னையிலிருந்தே ஒரு பள்ளியின் எண்ணிக்கையைப் பார்க்க முடிகிறது. அது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் ஆங்கில வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்தத் திரையில் தெரியாது.

அதைக் காணக்கூடியவர்கள் ஊரில் இருக்கும் பெற்றோர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும் சேர்ந்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தபட்ச ஆசிரியர்களை வரையறுக்கிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதிக்குப் பாதி பெண்களும் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு, பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிக்கவும் மேம்பாட்டுத் திட்டம் வகுக்கவும் அரசிடமிருந்தோ வேறு எவரிடமிருந்தோ வரும் நிதியின் செலவைப் பார்க்கவும் அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022இல் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஊரிலேயே இருக்கும் நம் வகுப்புத் தோழர்கள் அதில் உட்கார முடியும். குழுவின் தீர்மானத்தில் "மாற்றுப்பணியை ரத்து செய்து ஆசிரியரைத் திருப்பி அனுப்புக" என்று ஒரு வரி பதிவானால், அதற்கு வட்டாரக் கல்வி அலுவலர் பதில் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து நாம் எழுதும் கடிதத்துக்கு அந்த வலிமை கிடையாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாம் வாங்கிக் கொடுத்த கணினிகள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படவே இல்லை. அன்றிருந்த தலைமையாசிரியர் மாறுதலில் போனபின், வந்தவர் அவற்றுக்குப் பொறுப்பேற்க மறுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கில் இல்லாத பொருளுக்கு அவர் எப்படிக் கையெழுத்திடுவார்? குழுவின் வழியாகக் கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. அதோடு, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே கொடுப்பது வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரோ வெளிநாட்டில் பதிவான சங்கமோ கொடுப்பது வேறு. பின்னதை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதும். அரசுப் பள்ளிகளுக்குக் கொடை பெறுவதற்கென்றே 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கும்போது, தனிக் கணக்குகளில் பணத்தைச் சேர்த்து அனுப்புவது தேவையற்ற சிக்கல்.

ஊர்மக்கள் கொடுப்பது புதிதன்று. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் கட்டடமும் தளவாடமும் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த வழியில் நாமும் நூலகத்துக்கும் கழிப்பறைக்கும் கொடுப்போம். ஆசிரியர் சம்பளம் அரசின் கடமை. அதை நாம் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் விவாதிக்க இதை முன்வைக்கிறேன்: ஆசிரியருக்கென்று ஒதுக்க நினைத்த தொகையை இப்போது தொடாமல் வைப்போம். குழுவில் உள்ள பெற்றோரிடம் பேசி, மாற்றுப்பணி பற்றிய தீர்மானத்தை அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே கொண்டுவரச் சொல்வோம். ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்தே பணியாளர் நிர்ணயம், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற முடிவு, நடக்கும் என்பதால், அதற்கு முன்பே தீர்மானத்தின் நகல் மாவட்டக் கல்வி அலுவலரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். குழுவில் உறவினர் இருப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதினால், தீர்மான வரைவை நானே தயாரித்து அனுப்புகிறேன்.