யெஸ்டி ரோடுகிங்: சிலிண்டரில் புது போர், புது பிஸ்டன் போட்டும் எட்டு கிலோமீட்டரில் என்ஜின் பிடித்துக்கொள்கிறது

தென்பெண்ணைக்கரை (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளான யெஸ்டி ரோடுகிங்குக்காக உதவி கேட்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்தபோது ஆற்று வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் புகுந்தது. ஆல்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு நாள் மறக்காது. வண்டி என்ஜின் முழுகும் அளவுக்கு நீரில் நின்றது. அரிசி, பத்திரங்கள், அம்மாவின் மாத்திரைகள் என்று மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம், வண்டியை நகர்த்த நேரமில்லை. நீர் வடிந்த பிறகு அப்பா அதன் பக்கத்தில் போய் நின்றதைப் பார்த்தேன். அன்றைக்கே இதை ஓடவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சேறு காய்ந்து கிக்கர் இறங்கவில்லை. சிலிண்டரைக் கழற்றினோம், உள்ளே துரு. கடலூரில் ஒரு லேத் பட்டறையில் போர் போட்டு (சிலிண்டரின் உள்வட்டத்தைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), 0.50 மில்லிமீட்டர் மிகை அளவு பிஸ்டனும் ரிங்கும் மாற்றினோம். கார்புரேட்டர் பிரித்துச் சுத்தம் செய்தாயிற்று. பாயிண்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் புதிது. டேங்க் கழுவியாயிற்று. கிராங்க் தண்டு சுழலும் கீழ்ப்பாதியான கிராங்க் கேஸைப் பிரிக்கவில்லை. டீசல் ஊற்றி அலசி, கிராங்க் சத்தமில்லாமல் சுற்றியதால் அப்படியே விட்டுவிட்டோம்.

இப்போது சிக்கல் இதுதான். குளிர்ந்த நிலையில் சோக் போட்டு இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகிறது. பாலம் தாண்டிப் புதுச்சேரிச் சாலையில் அருமையாக ஓடுகிறது. ரெட்டிச்சாவடி நெருங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலும் என்ஜின் வேகம் இறங்காமல் தானாகக் கூவுகிறது. அடுத்த ஒரு கிலோமீட்டரில் இழுவை போய், பின்சக்கரம் கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இதுவரை மூன்று முறை ஆகிவிட்டது. பிளக் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது. புகையும் அதிகம்.

எங்கே தவறு செய்தோம்?

பழைய ராஜ்தூத் (நெல்லிக்குப்பம்):

புது போர் என்றால் இறுக்கம் இருக்கத்தான் செய்யும். பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலைக் கூட்டி ஊற்றுங்கள். லிட்டருக்கு 40 மில்லி போடுகிறீர்கள் என்றால் 70 ஆக்குங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் தானாகச் சரியாகிவிடும்.

இரட்டைக்குழல் (அரியாங்குப்பம்):

நண்பரே, மன்னிக்க வேண்டும், அது ஆபத்தான ஆலோசனை. கார்புரேட்டரின் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் போகும் கலவையில் ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். கலவை கெட்டியாகி, ஜெட்டில் இறங்குவதும் குறையும். ஆக, காற்றுக்குப் பெட்ரோல் போதாத நிலை இன்னும் மோசமாகும். அதற்கு அடையாளமாகத்தான் அவருடைய பிளக் ஏற்கெனவே வெளுத்திருக்கிறது.

தென்பெண்ணைக்கரை, இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவு சற்றுப் பற்றாக்குறையாகிவிடும். என் வண்டியில் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றிய பிறகுதான் பிளக் நிறம் வந்தது. அதை முதலில் செய்து பாருங்கள்.

தென்பெண்ணைக்கரை (கடலூர்):

நன்றி அண்ணா. ஜெட்டை ஒரு படி ஏற்றிப் பார்த்தேன். பிறகு இரண்டு படி. வித்தியாசமே இல்லை. நேற்று அதே ரெட்டிச்சாவடி, அதே கூவல். இந்த முறை நிற்பதற்கு முன்பே கிளட்சைப் பிடித்து அணைத்துவிட்டேன்.

கடைசல்காரர் (முதலியார்பேட்டை):

அம்மா, நான் நாற்பது ஆண்டு லேத்தில் நின்றவன். இந்த வண்டிகள் மைசூரிலிருந்து புதிதாக வந்துகொண்டிருந்த காலத்திலிருந்தே என் கைக்கு வந்திருக்கின்றன. 1996இல் உற்பத்தி நின்ற பிறகும் வருவது நிற்கவில்லை. அவசரப்பட்டு இனி எதையும் வாங்காதீர்கள். முதலில் சிலிண்டரைத் தூக்கி, பிஸ்டனில் உராய்ந்த தடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசி இருக்கும் இரண்டு பக்கமும் உலோகம் தடிமன். அதனால் இடைவெளி குறைவாக போர் போட்டிருந்தால் அந்த ஊசிக்கு இருபுறமும் நான்கு மூலைகளில் நெடுக்காகத் தடம் விழும். அது லேத் பட்டறையின் கணக்குப் பிழை. சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் ஆயில் பற்றாக்குறை. முன்பக்கம், சைலன்சர் வாய்களுக்கு நேராக மட்டும் பூசியது போலிருந்தால் சூடு அதிகம், கலவையில் காற்று மிகுதி.

இன்னும் இரண்டு கேள்விகள். கியர் ஆயில் அளவு குறைகிறதா? அதை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருகிறதா?

தென்பெண்ணைக்கரை (கடலூர்):

ஐயா, பார்த்துவிட்டேன். தடம் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது, இரண்டு வாய்களுக்கும் நேராக. மூலைகள் சுத்தம். ரிங்குகள் ஒட்டவில்லை. ரிங் முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்தேன், 0.25 மில்லிமீட்டர் வருகிறது.

கியர் ஆயில் பற்றி யாருமே இதுவரை கேட்கவில்லை. அளவு குறைந்திருக்கிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது! சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் கையில் அந்த வாடை போகவில்லை.

கடைசல்காரர் (முதலியார்பேட்டை):

போர் போட்டவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். 65 மில்லிமீட்டர் போருக்கு 0.25 ரிங் இடைவெளி ஒழுங்கு. குற்றம் நீங்கள் பிரிக்காமல் விட்ட கீழ்ப்பாதியில் இருக்கிறது.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் கேஸ் என்பது ஆயில் தொட்டி. டூ ஸ்ட்ரோக்கில் அது நுரையீரல். பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து கலவையை உள்ளே இழுப்பதும், கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளுவதும் அந்த அறைதான். அதன் இரு பக்கமும் கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் சீல் எனப்படும் இரண்டு ரப்பர் வளையங்கள் காவல் இருக்கின்றன. வலப்பக்கம் மின்சுருள் இருக்கும் அறை. அங்கே சீல் போனால் வெறும் காற்று உள்ளே வரும். அந்தக் காற்று கார்புரேட்டர் வழியாக வருவதில்லை. எனவே எத்தனை படி ஜெட் ஏற்றினாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. ஆக்சிலேட்டரை மூடியும் என்ஜின் கூவியது அதனால்தான். இடப்பக்கம் கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் ஆயிலில் ஓடுகிறது, கியர் பெட்டிக்கும் அதே ஆயில். அந்தச் சீல் போனால் கிராங்க் கேஸ் கியர் ஆயிலைக் குடிக்கும், புகை வரும். அழுத்தும் நேரத்தில் பெட்ரோல் கலவை எதிர்ப்பக்கம் போய் ஆயிலில் கலக்கும். உங்கள் வண்டியில் இரண்டுமே போய்விட்டன என்று நினைக்கிறேன்.

குளிர்ந்தபோது நன்றாக ஓடிச் சூடானதும் கெடுவதற்கும் காரணம் உண்டு. நீரில் ஊறி, காய்ந்து, கல்லாகிப்போன ரப்பர் உதடு ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் தண்டும் கேஸும் விரியும்போது அது கூடவே நெகிழ்ந்து கொடுக்காது.

பழைய ராஜ்தூத் (நெல்லிக்குப்பம்):

நான் சொன்னது தவறுதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிரிப்பதற்கு முன் உறுதி செய்துகொள்ள வேண்டாமா? ஓடும் வண்டியில் வலப்பக்க மூடியைக் கழற்றி, சீல் பக்கம் கொஞ்சம் பெட்ரோல் தெளித்தால் சத்தம் மாறும் என்பார்கள்.

கடைசல்காரர் (முதலியார்பேட்டை):

வேண்டவே வேண்டாம். பாயிண்ட் பொறி பறக்கும் அறை அது, என்ஜினும் சூடாக இருக்கும். இப்படித் தெளித்துக் கை வெந்த பையனை நானே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அம்மா, இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

காற்றழுத்தச் சோதனை செய்யுங்கள். வீட்டில் பழைய பி.பி. கருவி இருக்கிறதா? அதன் ரப்பர்ப் பந்தும் வட்ட முள் காட்டியும் போதும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த ஓட்டையில் குழாயைப் பசை வைத்து ஒட்டி, ஹெட்டில் திருகுங்கள். சைலன்சர் வாய் இரண்டையும் அடைக்க வேண்டும். மரத்தில் கூம்பாகக் கடைந்து, சைக்கிள் டியூப் சுற்றித் தட்டிவிடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி அந்த வாயில் ரப்பர் வைத்து, தகடு போட்டு முடுக்குங்கள். பிஸ்டன் முழுக்கக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் மேலறையும் கீழறையும் ஒன்றாக இருக்கும்.

முள் 300 காட்டும்வரை பந்தை அமுக்குங்கள். அது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் வேண்டாம், நல்ல சீலும் பிதுங்கிவிடும். ஒரு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். வலப்பக்கச் சீல், சிலிண்டர் அடி கேஸ்கெட், ஹெட் எதையும் விடாதீர்கள். இடப்பக்கத்துக்குக் கியர் ஆயில் ஊற்றும் திருகைக் கழற்றிக் காதை வையுங்கள்.

தென்பெண்ணைக்கரை (கடலூர்):

அம்மாவின் பி.பி. கருவியை வாங்குவதற்குத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. புதிது வாங்கித் தருவதாகச் சொன்ன பிறகே கொடுத்தார்.

300இல் வைத்தேன். பதினைந்து நொடியில் 100. நுரை தடவியதும் வலப்பக்கச் சீலைச் சுற்றிக் குமிழிகள் பொங்கி வந்தன. ஆயில் திருகு ஓட்டையில் காதை வைத்தால் "ஸ்ஸ்" என்று தெளிவாகக் கேட்டது. அப்பாவையும் குனிந்து கேட்கச் சொன்னேன். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஐயா சொன்னது அத்தனையும் சரி. கேஸைப் பிரிக்கிறோம்.

இரட்டைக்குழல் (அரியாங்குப்பம்):

பிரிக்கும்போது இணைப்பில் திருப்புளி விட்டு நெம்பாதீர்கள். அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி காற்றுதான். கேஸைச் சூடாக்கினால் பேரிங் தானாக வழுக்கும். நான் ரொட்டி சுடும் பழைய அடுப்பில் வைப்பேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீற வேண்டும், அந்தச் சூடு போதும். சீல் வாங்கும்போது வைட்டான் வகை கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எத்தனால் பெட்ரோலுக்குச் சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். பேரிங்கில் C3 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் விரிய அதில்தான் கூடுதல் இடைவெளி இருக்கும்.

தென்பெண்ணைக்கரை (கடலூர்):

ஒரு வாரம் கழித்து வருகிறேன். பேரிங் குண்டுகளில் ஊசி குத்தியது போலத் துருப் புள்ளிகள். கனெக்டிங் ராடு மேலும் கீழும் ஆடவில்லை. பேரிங் இரு பக்கமும் புதிது போடுகிறோம்.

ஆனால் ஒரு கவலை. வலப்பக்கத் தண்டில் சீல் உதடு உட்காரும் இடத்திலேயே மெல்லிய வளையமாகத் துரு தின்றிருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. புதுச் சீலையும் இது அறுத்துவிடாதா? கிராங்க் புதிதாகத் தேட வேண்டுமா?

கடைசல்காரர் (முதலியார்பேட்டை):

நல்ல வேளை, போடுவதற்கு முன் கேட்டீர்கள். கிராங்க் தேட வேண்டியதில்லை. மிக நுண்ணிய எமரித் தாளை எண்ணெயில் நனைத்து, தண்டைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். நெடுக்காகத் தேய்த்தால் அந்தக் கோடுகளே காற்றுக்கு வழி விடும். பளபளப்பு வந்தால் போதும், பள்ளம் மறையும்வரை தேய்த்துத் தண்டைக் குறைத்துவிடாதீர்கள். பிறகு புதுச் சீலைப் பழைய இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள், உதடு துரு படாத இடத்தில் ஓடும். கேஸில் அதற்கு இடமிருக்கிறதா, பேரிங்கில் முட்டுகிறதா என்று வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சீலின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ, புதியதும் அப்படியே.

கிராங்கை மூடுவதற்கு முன் இரு முனைக்கும் நடுவில் தாங்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். தண்டு ஆடினால் எந்தச் சீலும் நிற்காது. புதுச்சேரிக்கு வர முடிந்தால் எடுத்து வாருங்கள், நானே பார்த்துத் தருகிறேன்.

பிஸ்டனின் முன்பக்கத் தடம் ஆழமில்லை என்றால் தேய்த்துப் பயன்படுத்தலாம். சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை எடுத்துவிட்டு லேசாக ஹோனிங் (உட்சுவரைக் கல்லால் தேய்ப்பது) மட்டும் போதும்.

தென்பெண்ணைக்கரை (கடலூர்):

எழுதத் தாமதமாகிவிட்டது, ஓட்டுவதிலேயே நேரம் போய்விட்டது!

கடைசல்கார ஐயா கிராங்கை 0.02க்குக் கொண்டுவந்து கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். மூடிய பிறகு அதே பி.பி. கருவியில் 300 வைத்தேன். ஒரு நிமிடம் கழித்து 285. ஜெட்டைப் பழைய அளவுக்கு ஒரு படி மேலே மட்டும் வைத்திருக்கிறேன், ஆயில் லிட்டருக்கு 40 மில்லி.

முதல் நாள் ஆல்பேட்டையிலிருந்து ரெட்டிச்சாவடிவரை. கூவவில்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் டக்கென்று இறங்கியது. இரண்டாம் நாள் கன்னியக்கோவில்வரை. இன்று அப்பா தானே கிக்கரை உதைத்து, அதே லீவரை முன்னால் மடக்கிக் கியர் போட்டு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முதலியார்பேட்டைவரை ஓட்டினார். ஐயா வீட்டு வாசலில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். காப்பித்தூள் நிறம்.

கடைசல்காரர் (முதலியார்பேட்டை):

உங்கள் அப்பாவுடன் பேசியதில் எனக்கும் நிறைவு. நேற்றுச் சொல்ல மறந்தது ஒன்று: நூறு கிலோமீட்டர் முடிந்ததும், என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக ஒருமுறை முடுக்குங்கள். அன்றே கியர் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். வடித்ததை ஒரு வெள்ளைத் துணியில் விட்டு முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.