ரோஸ்டிங் பான்: சட்டியா, கலமா, தட்டமா?

ஃபிரேசர் டவுன்:
பெங்களூரில் அவரவர் பகுதிப் பெயரில் எழுதும் நண்பர்களுக்கு வணக்கம். கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கட்டுப்படியான விலையில் ரோஸ்டிங் பான் வாங்குவது பற்றிய கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பக்கச்சுவர் இரண்டு மூன்று அங்குலம், உள்ளே கம்பித்தட்டு, அதன்மேல் முழுக்கோழி. சுற்றிலும் சூடான காற்று படும். ஒழுகும் சாறும் கொழுப்பும் அடியில் தேங்கும், கிரேவிக்கு ஆகும். 'வறுசட்டி' எனலாமா?

அல்சூர்:
வேண்டாம். வறுசட்டி அடுப்பில் வைத்துக் கடலை வறுப்பது. இதைப் படித்துவிட்டு சிவாஜிநகர் பாத்திரக் கடைக்குப் போகிறவர் குழிந்த இரும்புச்சட்டியோடு திரும்புவார். உயரச் சுவருக்குள் ஆவி தங்கிக் கோழி புழுங்கும், தோல் மொறுமொறுக்காது. 'சுடுகலம்' என்போம். சங்க நூலான பொருநராற்றுப்படையிலேயே 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' (இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டு) இருக்கிறது. ஊனுக்குரிய வினை சுடுதல்.

மல்லேசுவரம்:
ஐயா, காழில் சுட்டது நேர்நெருப்பில்; இங்கே ஓவன். தவிர, சுடுகலம் வினைத்தொகை. சுடும் கலமா, சூளையில் சுட்ட மண்கலமா? இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கலைச்சொல் அப்படி இருக்கக்கூடாது. சமைப்பதைக் குறிக்கும் 'அடு' என்ற வேரைப் பாருங்கள். அடுப்பு, அடிசில், அடுக்களை, அட்டில் எல்லாம் அதன் பிள்ளைகள். நம் எதிர்வீட்டுக் கன்னடத்தார் இன்றும் சமையலை 'அடுகெ' என்கிறார்கள். நாமோ வினையைக் கைவிட்டு அடுப்பை மட்டும் வைத்துக்கொண்டோம். அதை மீட்க இது நல்ல வாய்ப்பு: 'அடுதட்டம்'. தட்டம் என்றதும் தாழ்ந்த விளிம்பும் தெரிந்துவிடும்.

கம்மனஹள்ளி:
அண்ணா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் அடுதட்டம் என்று கேட்டால் எந்தக் கடைக்காரர் எடுத்துத் தருவார்? படிப்பவர் பணம் போட்டு வாங்கப் போகிறார். முதலில் ஓவனின் உள்ளகலத்தை அளக்கச் சொல்லுங்கள், சிறிய ஓ.டி.ஜி. மின்ஓவனுக்குள் பெரிய பான் நுழையாது, நுழைந்தாலும் சுற்றிக் காற்றோட இடைவெளி வேண்டும். மெல்லிய அலுமினியம் கோழியின் எடையில் வளையும், கொதிக்கும் கொழுப்பு கையில் கொட்டும். நான்ஸ்டிக்கில் அடி ஒட்டாது, அதனால் கிரேவிக்கு வேண்டிய அந்தப் பழுப்புப் பற்று குறைவு. கனமான அடி, உறுதியான கைப்பிடி, எவர்சில்வர்: கொடுத்த காசுக்கு அதுதான் உழைக்கும். பெயர் 'ரோஸ்டிங் ட்ரே' என்றே இருக்கட்டும்.

மல்லேசுவரம்:
எவர்சில்வரும் ஒரு காலத்தில் புதுச்சொல்தானே, அம்மா? புழங்கப் புழங்கத்தான் பழகும்.

கம்மனஹள்ளி:
அது கடையிலிருந்து வீட்டுக்கு வந்த சொல், அண்ணா. நாம் எதிர்த்திசையில் அனுப்பப் பார்க்கிறோம்.

ஃபிரேசர் டவுன்:
நேரமில்லை. கம்மனஹள்ளி சொன்னபடி 'ரோஸ்டிங் ட்ரே' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'தாழ்ந்த விளிம்புள்ள ஓவன் தட்டம்' என்று விளக்கம் சேர்க்கிறேன். அடுதட்டம் இந்த முறை இல்லை.

அல்சூர்:
என் மறுப்பு பதிவாகட்டும். சுடுகலத்தை நான் விடவில்லை. உள்ளே வைக்கும் கம்பித்தட்டையாவது 'காழ்த்தட்டு' என்று எழுதுங்கள். அதற்கு இன்னும் யாரும் ஆங்கிலம் கேட்கவில்லை.