பூட்டிய பக்கத்து வீட்டில் ராத்திரி அலறும் திருட்டு அலாரம்: நிறுத்த என்ன வழி?

கேள்வி:
வணக்கம். தாம்பரம் பக்கம் தனி வீடுகள் உள்ள தெருவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அங்கிளும் ஆன்ட்டியும் மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் ஐந்து முறை அவர்கள் வீட்டு அலாரம் ராத்திரியில் அடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் அலறுகிறது. முதல் நாள் தெருவே டார்ச்சோடு ஓடிப்போய் பார்த்தது. பூட்டு அப்படியே இருந்தது. இப்போது யாரும் ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. நிஜமாகவே திருடன் வந்தால் என்ன ஆகும்? அம்மாவுக்கு பைபாஸ் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது, சத்தம் கேட்டால் படபடத்து எழுந்துவிடுகிறார். ஏணி வைத்து சைரன் ஒயரை வெட்டிவிடலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?

பதில்:
வேண்டாங்க. வெளி சைரன் பெட்டிக்குள்ள பெரும்பாலும் தனி பேட்டரி இருக்கும். ஒயரை வெட்டினா, திருடன் வெட்டினான்னு நினைச்சு இன்னும் அடிக்கும். அடுத்தவங்க காம்பவுண்டுல ஏறின பிரச்சினை வேற. நான் அலாரம், சிசிடிவி மாட்டுற வேலையில இருக்கேன். ஒண்ணு சொல்லுங்க, அடிச்ச ராத்திரி கரண்ட் போச்சா?

கேட்டவர்:
ஆமாம் சார்! ஐந்தில் நான்கு முறை கரண்ட் போன கொஞ்ச நேரத்தில்தான் ஆரம்பித்தது.

பதில்:
அப்போ வீட்டுக்குள்ள இருக்கிற பேனலோட (அலாரத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) பேட்டரி செத்திருக்கும். சாதாரணமா 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, மூணு முதல் அஞ்சு வருஷம் தாங்கும். அது போயிட்டா கரண்ட் நிக்கும்போது பேனலும் அணைஞ்சிடும். பேனல்ல இருந்து வோல்டேஜ் வரலைன்னதும், ஒயரை யாரோ வெட்டிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டு சைரன் தன் சொந்த பேட்டரியில அலறும். சாவி வச்சிருக்கிறவங்க யாருன்னு வீட்டுக்காரரைக் கேளுங்க, மாட்டிக்கொடுத்த ஆளையும் கூப்பிடச் சொல்லுங்க. பேட்டரி மாத்தும்போது சைரன் அடிக்கிற நேரத்தையும் மூணு, நாலு நிமிஷத்துக்குக் குறைக்கச் சொல்லுங்க.

இன்னொருவர்:
முதலில் பேசிப் பாருங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். அடித்த தேதி, நேரத்தைக் குறித்து வையுங்கள். பூட்டு உடைந்திருந்தாலோ உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தாலோ நீங்கள் போகாதீர்கள், 112-ஐக் கூப்பிடுங்கள்.

லண்டனிலிருந்து:
இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சில் (உள்ளாட்சி அமைப்பு) அறிவித்த பகுதிகளில் அலாரம் வைத்திருப்பவர் சாவி வைத்திருக்கும் ஒருவரின் பெயரைப் பதிய வேண்டும். இடைவிடாமல் 20 நிமிடத்துக்கு மேல் அடித்தால் கவுன்சில் அதிகாரியே வந்து நிறுத்த முடியும். உங்கள் தெருவிலும் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

கேட்டவர்:
வாட்ஸ்அப்பில் பேசினேன். அங்கிளுக்கு விஷயமே தெரியவில்லை, ரொம்ப வருத்தப்பட்டார். குரோம்பேட்டையில் இருக்கும் அவர் தங்கை சாவியோடு வந்தார். பேட்டரி உப்பிப்போய் இருந்தது, மாற்றியாகிவிட்டது. நேற்று ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை, சத்தமும் இல்லை. அம்மா நன்றாகத் தூங்கினார். உங்கள் எல்லோருக்கும் நன்றி. கரண்ட் போகாத அந்த ஒரு ராத்திரி ஏன் அடித்தது?

பதில்:
ரொம்ப சந்தோஷம்ங்க. ஹால்ல இருக்கிற மோஷன் சென்சார் கண்ணாடி மேல பல்லி ஊர்ந்திருக்கலாம். அங்கிளோட தங்கச்சி அடுத்த தடவை வரும்போது அதைத் துடைச்சு, பின்னாடி ஒயர் போற ஓட்டையை சிலிக்கான் வச்சு அடைக்கச் சொல்லுங்க.