மறு: [கலைச்சொல்] கால்நடை மருந்தில் 'வித்ட்ராயல் பீரியட்' – தமிழில் என்ன?

அன்புள்ள நண்பர்களே,

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். மாட்டுக்கு மருந்து கொடுத்தால் அதில் ஒரு பங்கு பாலிலும் இறைச்சியிலும் தங்கும். அது அனுமதித்த வரம்புக்குக் கீழே இறங்கும்வரை விற்கக் கூடாது. அந்தக் காலத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். 2012இல் மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் வந்த திருத்தத்தின்படி இதை லேபிளிலேயே அச்சிட வேண்டும். ஆய்வு செய்து உறுதிப்படுத்திய கணக்கு இல்லாத மருந்து என்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மடிநோய்க்கு மருந்து வாங்கி வரும் ஒருவர் இதைத் தமிழில் புரிந்துகொள்ளவே வழியில்லை என்பதுதான் என் கவலை.

> திரும்பப் பெறும் காலம்

இது வேண்டாம். நிறுவனம் மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

> விலக்குக் காலம். சுருக்கமாக இருக்கிறது, மதுவிலக்கு போலப் பழகிவிடும்.

ஐயா, சுருக்கம் எனக்கும் பிடித்தது. ஆனால் பல ஊர்களில் 'விலக்கு' என்றால் மாதவிலக்குதான். மாட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கையில் கொடுக்கும் துண்டறிக்கையில் இந்தச் சொல் சங்கடம் தரும். 'வரிவிலக்கு' என்பதிலோ பொருள் நேர் எதிராகி, சலுகை என்று ஆகிவிடுகிறது.

> காத்திருப்புக் காலம். பூச்சிமருந்து தெளித்த பயிருக்கும் இதுதானே?

பயிருக்குப் பொருந்தும், அறுவடையைத் தள்ளிப்போடலாம். கறவை மாட்டில் தள்ளிப்போட முடியாது. காலையும் மாலையும் கறந்தே ஆக வேண்டும், கறந்த பாலை விற்காமல் கொட்ட வேண்டும். மடிநோய் வந்த மாட்டில் கறக்காமல் 'காத்திருந்தால்' மடி கட்டி நோய் முற்றும். கெடுதல் செய்யக்கூடிய சொல் இது. ஒரே காம்பில்தான் மருந்து ஏற்றினோம், மற்ற மூன்றின் பாலை ஊற்றலாமே என்று நினைப்பதும் தவறு. மருந்து இரத்தம் வழியாக மற்றக் காம்புகளின் பாலுக்கும் போகும், அதனால் நான்கையும் ஒதுக்க வேண்டும். அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டுவதும் நல்லதல்ல. கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக அது இடம் கொடுக்கிறது.

> மருந்து நீங்கு காலம்

அம்மா, நான்கில் இதுதான் நல்ல தமிழ். ஒரு தடைதான் தெரிகிறது. நீங்குதல் என்றால் முழுதாகப் போய்விட்டது என்று பொருள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மாடுகளுக்கு உரிய அளவு மருந்து கொடுத்து, கறவைக்குக் கறவை பால் மாதிரி எடுத்து அளக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா மாடுகளிலும் அளவு வரம்புக்குக் கீழே வந்தது என்று புள்ளியியல்படி சொல்ல முடிகிற கறவையைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். துளி மருந்து அப்போதும் மிஞ்சியிருக்கலாம்.

அதனால் 'வடிதல்' என்ற வினையை முன்வைக்கிறேன்: மருந்து வடியும் காலம். பாடநூலுக்கு 'மருந்துவடி காலம்'. வெள்ளம் வடிந்தது என்றால் ஆற்றில் தண்ணீரே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அபாய அளவுக்குக் கீழே போய்விட்டது என்றுதான் பொருள். நமக்கு வேண்டியதும் அதுதான். மருந்தில் ஒரு பங்கு பால் வழியாகவே வெளியேறுவதால் உடலியல் கணக்கிலும் பொருந்துகிறது. 'வடிகால்' என்ற சொல்லோடு குழப்பம் வரலாம் என்பது உண்மை. 'மருந்து' என்பதைச் சேர்த்தே எழுதினால் அது வராது.

விற்கக் கூடாது என்ற கட்டளை சொல்லுக்குள்ளேயே இல்லையே என்று கேட்பீர்கள். அதை வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: "மருந்து வடியும் காலம் 7 நாள். அதுவரை சொசைட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள். காய்ச்சினாலும் பெரும்பாலான மருந்து போகாது." இந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது, தோய்க்கும் நுண்ணுயிரையும் மருந்து தடுத்துவிடுகிறது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் குடித்தால் இன்னும் ஆபத்து. துண்டறிக்கையில் இவை இரண்டும் இடம்பெற வேண்டும்.

அப்புறம், 'காலம்' என்பதை 'நாள்' என்று மாற்றலாம் என்ற யோசனை பற்றி. மீனுக்கு அது ஒத்துவராது. அதே விதியில் மீனுக்கு 500 'டிகிரி டேஸ்' என்று இருக்கிறது. தண்ணீரின் சராசரி வெப்பநிலையால் 500ஐ வகுத்தால் நாள் கணக்கு வரும். 28 பாகை (டிகிரி செல்சியஸ்) உள்ள குளத்தில் சுமார் 18 நாள். நீலகிரியின் டிரவுட் மீன் வளரும் குளிர்ந்த நீர் 15 பாகை என்றால் 33 நாளைத் தாண்டும். குளிரில் மீனின் உடல் மெதுவாக இயங்குவதால் மருந்தும் மெதுவாகத்தான் வடிகிறது.

இந்த அலகுக்குப் 'பாகைநாள்' என்று வைத்துக்கொள்ளலாமா? பயிரின் வளர்ச்சியையும் இதே முறையில் கணக்கிடுவதால் வேளாண்மைக்காரர்களின் கருத்து எனக்கு வேண்டும். கறவை மாடு வைத்திருப்பவர்கள் யாராவது 'மருந்து வடியும் காலம்' என்பதைத் தங்கள் வீட்டிலும் பால் சொசைட்டியிலும் சொல்லிப் பார்த்து, கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை இந்த இழையில் எழுதுங்கள். துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் அதைப் பார்த்துத் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்.