புதுப்பிப்பு: ஐஇஎல்டிஎஸ் லிசனிங் 6-லிருந்து 7.5, எனக்கு உதவியது எது

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் லிசனிங்கில் (ஆடியோ கேட்டு விடை எழுதும் பிரிவு) 9-க்கு 6-ஐத் தாண்டவே முடியவில்லை, அதன் நான்காம் பகுதியில் தொலைந்துபோகிறேன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரிசல்ட் வந்துவிட்டது: 7.5.

கைகொடுத்தது, ‘கேட்பதை அப்படியே எழுதிப் பாருங்கள்’ என்று ஒருவர் சொன்ன யோசனைதான். தினமும் இரண்டு நிமிட ஆடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதி, ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டேன். என் சிக்கல் பேச்சின் வேகம் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் என் காதில் ஒன்றாகவே விழுந்திருக்கின்றன. அழுத்தம் எந்த அசையில் என்று கவனித்ததும் பிரிந்துவிட்டன. பேசுபவர் ‘செவ்வாய்... இல்லை, வியாழன்’ என்று மாற்றும்போதும் முதல் சொல்லையே எழுதி வைத்திருந்தேன்.

சப்டைட்டிலோடு படம் பார்த்தது எனக்குப் பயன்படவில்லை. கண் படித்துவிடுகிறது, காதுக்கு வேலையே இல்லை.

எதிர்பாராதது ஒன்று: காகிதத் தேர்வில் விடைகளை எடுத்தெழுத 10 நிமிடம் உண்டு, கணினித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடம்தான். அதனால் கேட்கும்போதே டைப் செய்து பழகுங்கள். எழுத்துப்பிழை வந்தாலும் மதிப்பெண் போய்விடும். ஆடியோ ஒரே முறைதான் ஓடும் என்பதால், தவறவிட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.