காரைத் தாழ்த்தினதிலிருந்து முன் டயர் உள்பக்கம் மட்டும் தேயுது, உதவுங்க

வணக்கம் நண்பர்களே. என் ஸ்விஃப்ட்டுக்கு லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மி.மீ. இறக்கினேன். 9,000 கிலோமீட்டர்லயே முன் டயர் ரெண்டுலயும் உள்விளிம்புல கம்பி தெரியுது. வெளிப்பக்கம் பட்டன் இன்னும் புதுசு மாதிரி இருக்கு. டயரை ஒரு பக்கமா தடவினா வழவழன்னு இருக்கு, திருப்பித் தடவினா ரம்பம் மாதிரி கையில மாட்டுது. அதனால கேம்பரைவிட (சக்கரம் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாஞ்சிருக்கிற கோணம்) டோ (மேலிருந்து பார்த்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மேலதான் எனக்குச் சந்தேகம். கார் இறங்கும்போது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டை ராடு கோணம் மாறி டோவும் நகரும் இல்லையா?

ஸ்பிரிங் மாத்தின அன்னைக்கே அலைன்மென்ட் பார்த்தாங்க, ரீடிங் பிரிண்ட் தரல. முன் சக்கரத்துக்கு கேம்பர் போல்ட் (கேம்பரை மாத்தி வைக்க உதவுற போல்ட்) போட்டவங்க இருக்கீங்களா? எத்தனை டிகிரி வச்சீங்க? கோவையில பிரிண்டோட பார்த்துத் தர்ற இடம் தெரிஞ்சா சொல்லுங்க. குழந்தைங்க போற வண்டி, மழைக்கு முன்னாடி சரி பண்ணியாகணும்.